17 ஆட்டம் ஆடியவர் முதலிடம் பிடித்தது எப்படி? ஐஸ் ஹாக்கி டிராஃப்ட் பட்டியலின் கணக்கு

வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக் என்.எச்.எல். அதன் அணிகள் இளம் வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுதான் டிராஃப்ட். 2025 ஜூனில் நடந்த டிராஃப்டில் முதல் ஆளாக மேத்யூ ஷேஃபரை நியூயார்க் ஐலண்டர்ஸ் எடுத்தது. ஒன்டாரியோ ஜூனியர் லீகான ஓ.எச்.எல்.லில் ஈரி ஓட்டர்ஸ் அணிக்காக அந்தப் பருவத்தில் அவர் ஆடியது மொத்தமே 17 ஆட்டம், எடுத்தது 22 புள்ளி. டிசம்பர் கடைசியில் உலக ஜூனியர் போட்டியில் கோல் கம்பத்தில் மோதிக் காறை எலும்பு முறிந்து, மிச்சப் பருவம் முழுக்க ஓய்வில் இருந்தார். அதே லீகில் சாகினா அணியின் மைக்கேல் மிசா 65 ஆட்டத்தில் 134 புள்ளி குவித்திருந்தார். கோல் போட்டால் ஒரு புள்ளி, அந்தக் கோலுக்கு வழிவகுத்த கடைசி இரண்டு பாஸுக்குத் தலா ஒரு புள்ளி என்பதுதான் இங்கே கணக்கு. 134 என்பது அபாரமான எண். ஆனாலும் மிசா இரண்டாவதாகத்தான் போனார், அதில் விஷயம் தெரிந்தவர்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை.

காரணம், டிராஃப்ட் பட்டியலுக்கு இன்றைய ஆட்டம் வெறும் தடயம்தான். இந்தப் பையன் 23, 24 வயதில் என்.எச்.எல். பனித்தளத்தில் எத்தனை நிமிடம் நிற்பான், யாருக்கு எதிராக நிற்பான் என்பதுதான் அங்கே கேள்வி. ஷேஃபர் தடுப்பு வீரர். பின்னோக்கிச் சறுக்கும்போதும் பக்கவாட்டில் திரும்பும்போதும் வேகம் குறையாதவர், தன் பாதியில் பக்கை (பனியில் சறுக்கும் ரப்பர் வட்டு) எடுத்துத் தானே எதிர்ப் பாதிவரை கொண்டுபோகக்கூடியவர். பிறந்தது 2007 செப்டம்பர் 5. இன்னும் 11 நாள் கழித்துப் பிறந்திருந்தால் 2025 டிராஃப்டுக்கே வந்திருக்க முடியாது. அந்தத் தேதிக்குள் பெரிய கணக்கு ஒன்று ஒளிந்திருக்கிறது.

முறையும் தேதியும்

ஐ.பி.எல். ஏலத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே காசு பேசாது, வரிசைதான் பேசும். 32 அணிகள், 7 சுற்றுகள், ஆக மொத்தம் 224 தேர்வுகள். மோசமாக ஆடிய அணிக்கு முன்னுரிமை என்பது பொதுவிதி. வேண்டுமென்றே தோற்கும் ஆசையைக் குறைக்க, பிளேஆஃபுக்குப் போகாத 16 அணிகளை வைத்து முதல் இரண்டு இடங்களுக்கு மட்டும் குலுக்கல் போடுகிறார்கள். குலுக்கலில் ஜெயித்தாலும் 10 இடத்துக்கு மேல் ஏற முடியாது. கடைசி இடத்தில் முடித்த அணிக்கே முதல் தேர்வு கிடைக்க 25.5 சதவீத வாய்ப்புதான். 2025-ல் ஐலண்டர்ஸ் இருந்தது கீழிருந்து பத்தாவது இடம். 3.5 சதவீத வாய்ப்பில் அவர்களுக்கு அடித்தது யோகம்.

தகுதித் தேதி செப்டம்பர் 15. டிராஃப்ட் நடக்கும் ஆண்டில் அந்தத் தேதிக்குள் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஒருவரும் எடுக்காவிட்டால் 20 வயது வரை அடுத்த டிராஃப்டுகளிலும் பெயர் இருக்கும். 1985 செப்டம்பர் 17-ல் பிறந்த அலெக்சாண்டர் ஓவெச்கின் இரண்டே நாளில் 2003 டிராஃப்டைத் தவறவிட்டார். லீப் ஆண்டு நாள்களைக் கூட்டினால் வயது சரியாக வரும் என்று வாதாடி, ஒன்பதாவது சுற்றில் (அப்போது ஒன்பது சுற்றுகள்) அவரை எடுக்கப் பார்த்தது ஃபுளோரிடா. லீக் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டு வாஷிங்டன் முதலாவதாக எடுத்தது. ஆஸ்டன் மேத்யூஸ் கதையும் அதேதான்: பிறந்தது 1997 செப்டம்பர் 17, எடுக்கப்பட்டது 2016-ல், முதலாவதாக.

இதனால் ஒரே டிராஃப்டில் ஏறக்குறைய ஒரு வருட வயது வித்தியாசத்தில் ஆட்கள் இருப்பார்கள். 2025-ல் ஏழாவதாக பாஸ்டன் எடுத்த ஜேம்ஸ் ஹேகன்ஸ் பிறந்தது 2006 நவம்பர் 3-ல். ஷேஃபரைவிடப் பத்து மாதம் மூத்தவர். 17 வயதில் பத்து மாதம் என்பது சாதாரண விஷயமில்லை. தொடை பலம், தோள் அகலம், ஜூனியர் லீகில் கூடுதலாக ஒரு பருவ அனுபவம் எல்லாம் அதில் அடங்கும். நல்ல ஸ்கவுட் (இளம் வீரர்களைத் தேடிப் பார்த்து மதிப்பிடுபவர்) அறிக்கையில் பெயருக்கு அடுத்த வரியே பிறந்த தேதியாக இருப்பது இதற்காகத்தான். சிறுவர் ஹாக்கியில் வயதுப் பிரிவு ஜனவரி 1-ல் தொடங்குவதால் இன்னொரு சாய்வும் உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை பிறந்தவர்கள் சிறு வயதிலேயே பெரிய உடம்போடு நல்ல அணிகளில் இடம் பிடித்துவிடுவார்கள். பழைய டிராஃப்டுகளை ஆராய்ந்தவர்கள் கண்டது: அவர்கள் அளவுக்கு மீறித் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். ஆண்டின் பிற்பாதியில் பிறந்தவர்களோ, தாங்கள் எடுக்கப்பட்ட இடத்துக்கு மீறி விளையாடுகிறார்கள்.

யாருடைய பட்டியல்?

இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் எல்லாம் ஒரே வகை என்று நினைத்தால் குழப்பம்தான் மிஞ்சும். லீகின் சொந்த அமைப்பான சென்ட்ரல் ஸ்கவுட்டிங் 1975 முதல் இயங்குகிறது. இலையுதிர் காலத்தில் கவனிக்க வேண்டியவர்களின் பட்டியலை எழுத்துக் குறியோடு வெளியிடும். ஏ என்றால் முதல் சுற்று, பி என்றால் இரண்டு மூன்று, சி என்றால் நான்கு ஐந்து. ஜனவரியில் இடைக்காலப் பட்டியல், ஏப்ரல் வாக்கில் இறுதிப் பட்டியல். அதில் கவனிக்க வேண்டியது, அது நான்கு பட்டியல்: வட அமெரிக்காவில் ஆடும் வீரர்கள், வெளிநாட்டில் ஆடும் வீரர்கள், அதேபோல் கோல்கீப்பர்களுக்குத் தனித்தனியாக இரண்டு. வட அமெரிக்கப் பட்டியலின் ஐந்தாவது ஆளும் ஐரோப்பியப் பட்டியலின் ஐந்தாவது ஆளும் சமமா என்று அது சொல்லவே சொல்லாது. அந்த முடிச்சை அவிழ்ப்பது ஒவ்வொரு அணியின் வேலை. அணிகள் இந்தப் பட்டியலைப் பார்த்து ஆள் எடுப்பதில்லை, யாரையாவது கவனிக்காமல் விட்டுவிட்டோமா என்று சரிபார்த்துக்கொள்வதற்கே அது பயன்படும்.

ஊடகப் பட்டியல்களில் இரண்டு இனம் உண்டு. டி.எஸ்.என். தொலைக்காட்சியில் பாப் மெக்கென்சி வெளியிடும் பட்டியல், பத்து என்.எச்.எல். ஸ்கவுட்டுகளிடம் கேட்டுத் தொகுப்பது. அணிகள் எப்படி யோசிக்கின்றன என்பதை அது காட்டும், ஆகவே டிராஃப்ட் வரிசையை ஓரளவு நன்றாகவே முன்கூட்டிச் சொல்லும். மற்றவை பெரும்பாலும் எழுதுபவரின் சொந்த மதிப்பீடு. முதல் வகையை 'யார் எங்கே போவார்' என்று படிக்க வேண்டும், இரண்டாவதை 'யார் நன்றாக வருவார்' என்று. இரண்டையும் கலந்து சராசரி எடுத்தால் எந்தக் கேள்விக்கும் பதில் இல்லாத ஒரு எண் கிடைக்கும். அதைத்தான் பலர் 'ஒருமித்த பட்டியல்' என்று விற்கிறார்கள்.

மைதானத்தில் எதைப் பார்க்கிறார்கள்

பருவம் ஆகஸ்டில் ஹிலிங்கா கிரெட்ஸ்கி கோப்பையோடு தொடங்கி, டிசம்பர் இறுதியில் உலக ஜூனியர், ஏப்ரலில் 18 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டி என்று ஓடும். நடுவே கனடாவின் மூன்று பெரிய ஜூனியர் லீகுகள், அமெரிக்காவின் யு.எஸ்.எச்.எல்., சுவீடன், பின்லாந்து, ரஷ்யாவின் ஜூனியர் லீகுகள். வட்டார ஸ்கவுட் முதலில் பார்ப்பார், பிறகு வேறு வட்டாரத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்து ஒப்பிடுவார், கடைசியில் தலைமை ஸ்கவுட். ஒரே ஆள் ஒரே வீரரைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதைவிட, வெவ்வேறு கண்கள் வெவ்வேறு சூழ்நிலையில் பார்ப்பதே மேல். சொந்த ஊர் ஆட்டம், மூன்று நாளில் மூன்றாவது ஆட்டம், அணி நான்கு கோல் பின்தங்கியிருக்கும்போது கடைசி பத்து நிமிடம் என்று எல்லாமே வேண்டும். இதில் கடைசி வகைதான் அதிகம் சொல்லும்.

அனுபவசாலிகள் பக்கைப் பார்ப்பதில்லை. மேல் வரிசையில், பெரும்பாலும் மூலைப் பக்கமாக உட்கார்ந்து, பக் இல்லாதபோது ஆள் என்ன செய்கிறான் என்று பார்ப்பார்கள். ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். எதிரணி பக்கை மூலைக்கு அடித்துவிட்டுத் துரத்தி வருகிறது. தடுப்பு வீரர் திரும்பி அதை எடுக்கப் போகிறார். தொடுவதற்கு முன் எத்தனை முறை தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தார்? இரண்டு முறை பார்த்தவருக்கு, துரத்துபவர் எந்தத் தோள் பக்கம் வருகிறார், தன் சென்டர் (நடுவில் ஆடும் முன்கள வீரர்) எங்கே நிற்கிறார் என்பது பக் கைக்கு வரும் முன்பே தெரியும். ஒரு பக்கம் போவதுபோல் உடம்பைக் காட்டி மறுபக்கம் திரும்பி, நடுவில் நிற்பவரின் மட்டைக்கு நேராகப் பாஸ் கொடுப்பார். பார்க்காதவர் பக்கைத் தொட்ட பிறகுதான் யோசிக்கவே தொடங்குவார், வேறு வழியில்லாமல் சுவரோரம் கண்மூடித்தனமாக அடித்துவிடுவார். ஜூனியரில் துரத்துபவர் அரை வினாடி தாமதமாக வருவதால் இந்தத் தவறு வெளியே தெரியாது, புள்ளிவிவரத்திலும் ஏறாது. என்.எச்.எல்.லில் அந்த அரை வினாடி கிடையாது. ஒரு பீரியடில் (ஆட்டத்தின் மூன்றில் ஒரு பகுதி) இப்படி ஐந்தாறு தடவை நடக்கும். இரண்டு ஆட்டம் பார்த்தால் ஒரு தடுப்பு வீரரைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

முன்கள வீரருக்குச் சோதனை வேறு. ஜூனியரில் பக்கை மட்டையால் இழுத்து எதிராளியின் கால்களுக்கு நடுவே கொண்டுபோய்க் கோல் போடுவது அழகாகத்தான் இருக்கும், காணொளித் தொகுப்பில் ஓடும். கை நீளமான 25 வயதுத் தடுப்பு வீரரிடம் அது பலிக்காது. நிலைத்து நிற்கும் திறமைகள் வேறு: ஓரத்தில் சுற்றாமல் நடுப்பகுதிக்குள் நுழைவது, முழு வேகத்தில் போகும்போதே பாஸ் கொடுப்பது, எதிராளியின் மட்டைக்கும் கால்களுக்கும் இடையே உள்ள சந்து வழியாகப் பக்கை அனுப்புவது.

சறுக்கலில் உச்ச வேகத்தைவிட முதல் மூன்று காலடி முக்கியம். முழங்கால் போதிய அளவு மடிகிறதா, திரும்பும்போது வேகம் செத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். கால் பலக் குறைவால் வரும் மெதுவை இரண்டு கோடைக்காலப் பயிற்சியில் ஓரளவு சரிசெய்யலாம். ஆட்டத்தை வாசிக்கும் புத்தியை 18 வயதுக்கு மேல் ஊட்டுவது ஏறக்குறைய நடக்காத காரியம். 'சறுக்கல் சுமார், புத்தி கூர்மை' என்ற அறிக்கையை 'சறுக்கல் அபாரம், புத்தி சுமார்' என்ற அறிக்கைக்கு மேலே வைக்கத் தயங்கும் அணிகள் அதற்கு விலை கொடுத்திருக்கின்றன.

ஐரோப்பாவில் பார்க்கும்போது தளத்தின் அகலமும் மனதில் இருக்க வேண்டும். என்.எச்.எல். தளம் 200 அடி நீளம், 85 அடி அகலம். ஐரோப்பாவின் பல அரங்குகளில் அகலம் 30 மீட்டர், அதாவது நூறு அடிக்குக் கொஞ்சம் குறைவு. அந்த உபரி இடத்தில் சுற்றி வந்து நேரம் சம்பாதிக்கும் வீரருக்கு வட அமெரிக்காவில் மூச்சு முட்டும்.

எண்களைத் தள்ளுபடி செய்வது

ஒரு லீகின் புள்ளியை என்.எச்.எல். மதிப்புக்கு மாற்றும் முறையைப் பிரபலப்படுத்தியவர் கேப்ரியல் தேஜார்தான். ஒரு லீகிலிருந்து என்.எச்.எல்.லுக்குப் போனவர்களின் புள்ளி எவ்வளவு சரிந்தது என்று பார்த்து, அந்த லீகுக்கு ஒரு குணகம் கொடுப்பார்கள். கணக்கிடுபவரைப் பொறுத்து மாறினாலும், கனடிய ஜூனியருக்குச் சுமார் 0.3, பின்லாந்தின் பெரியவர்கள் லீகான லீகாவுக்குச் சுமார் 0.45 என்று வைத்துக்கொள்ளலாம். ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்பதைக் குணகத்தால் பெருக்கி, முழுப் பருவத்துக்கு 82-ஆல் பெருக்கினால் விடை.

2022 டிராஃப்டில் போட்டுப் பார்க்கலாம். வட அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் ஷேன் ரைட், கிங்ஸ்டன் அணிக்கு 63 ஆட்டத்தில் 94 புள்ளி. ஆட்டத்துக்கு 1.49, பெருக்கினால் சுமார் 37. வெளிநாட்டுப் பட்டியலில் முதலிடம் யுராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கி, டி.பி.எஸ். அணிக்கு லீகாவில் 31 ஆட்டத்தில் 10 புள்ளி. விடை சுமார் 12. கணக்கின்படி போட்டியே இல்லை. ஆனால் மான்ட்ரியல் ஸ்லாஃப்கோவ்ஸ்கியை முதலாவதாக எடுத்தது, ரைட் நான்காவது இடம் வரை இறங்கி சியாட்டிலுக்குப் போனார். அந்தப் பிப்ரவரியில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 17 வயது ஸ்லாஃப்கோவ்ஸ்கி 7 ஆட்டத்தில் 7 கோல் போட்டுப் போட்டியின் சிறந்த வீரர் விருதை வாங்கியிருந்தார். லீகாவில் ஒரு டீன்ஏஜருக்குக் குறைந்த நிமிடம்தான் கிடைக்கும், பவர் பிளேயில் (தண்டனையால் எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் நேரம்) இடம் கிடைக்காது. குணகத்துக்கு அதெல்லாம் தெரியாது. மறுபக்கம், பெரியவர்களுக்கு எதிராக இருந்தாலும் ஏழே ஏழு ஆட்டத்தை வைத்து முடிவு செய்வதும் சூதாட்டமே. 2023-24-ல் ஸ்லாஃப்கோவ்ஸ்கி 50 புள்ளி எடுத்தார், 2024-25-ல் ரைட் 44 எடுத்தார். இன்றுவரை யார் சரி என்று அடித்துச் சொல்ல முடியாத வழக்கு இது.

குணகத்தில் அடிப்படைக் கோளாறு ஒன்று உண்டு. என்.எச்.எல்.லுக்குப் போனவர்களை மட்டும் வைத்துத்தான் அது உருவாகிறது. போகாத பெரும்பான்மை கணக்கிலேயே வரவில்லை. அதனால் மேல்மட்ட வீரருக்கு ஓரளவு பொருந்தும், ஐந்தாவது சுற்று ஆளுக்குப் பொருந்தாது. குணகத்தால் பெருக்கும் முன் பவர் பிளேயில் எடுத்த புள்ளிகளைப் பிரித்து வைப்பதும், இரண்டாவது அசிஸ்டுகளுக்கு (கோலுக்கு வழிவகுத்த இரண்டு பாஸில் முந்தையது) மதிப்பைக் குறைப்பதும் நல்லது.

கூட ஆடியவர் யார் என்ற தள்ளுபடியும் உண்டு, அதை அளவு மீறிச் செய்யும் ஆபத்தும் உண்டு. அலெக்ஸ் டிப்ரிங்கட் 2014-15-ல் ஈரியில் 51 கோல் போட்டார். அது பின்னாளில் என்.எச்.எல்.லின் பெரிய நட்சத்திரமான கானர் மெக்டேவிட் கூட ஆடிய பருவம் என்றார்கள். மெக்டேவிட் போன பிறகும் அடுத்த பருவத்தில் அதே 51 கோல். அப்போது உயரம் போதாது என்றார்கள். 39-வது ஆளாக சிகாகோ எடுத்தது. என்.எச்.எல்.லில் ஒரே பருவத்தில் 41 கோலை அவர் இரண்டு முறை தொட்டுவிட்டார்.

வழுக்கும் இடங்கள்

2012-ல் முதல் பத்துத் தேர்வுகளில் எட்டு பேர் தடுப்பு வீரர்கள். எதிர்பார்த்த அளவுக்கு வராத கிரிஃபின் ரைன்ஹார்ட், டெரிக் பூலியட், ஸ்லேட்டர் கோகோக் ஆகியோரும் அதில் அடக்கம். ஐரோப்பியப் பட்டியலில் முதலிடத்தில் இருந்த ஃபிலிப் ஃபோர்ஸ்பர்க் 11-வது இடம் வரை இறங்கினார். தடுப்பு வீரர்கள் முதிர்ச்சியடையக் கூடுதல் வருடங்கள் ஆகும். 17 வயதில் 6 அடி 4 அங்குலம் உயரமும் நிதானமும் உள்ளவர் பாதுகாப்பான தேர்வுபோல் தோன்றுவார், ஆனால் அவரிடம் வளர மிச்சம் என்ன இருக்கிறது என்று கேட்க மறந்துவிடுவார்கள்.

கோல்கீப்பரை மதிப்பிடுவது எல்லாவற்றிலும் கடினம். 2000 டிராஃப்டில் முதலாவதாகப் போனவர் கோல்கீப்பர் ரிக் டிபியெட்ரோ. அதே டிராஃப்டில் 205-வதாகப் போனவர், பின்னாளில் பெரிய நட்சத்திரமான ஹென்ரிக் லுண்ட்குவிஸ்ட். வேறு டிராஃப்டுகளில் போன நட்சத்திர கோல்கீப்பர்கள் கானர் ஹெல்லபக் 130-வது, இகோர் ஷெஸ்டர்கின் 118-வது. கோல்கீப்பர் முழுமையடைய 23, 24 வயது ஆகிவிடும், ஜூனியரில் அவருடைய சேவ் சதவீதத்தில் (வந்த ஷாட்டுகளில் தடுத்தவற்றின் விகிதம்) பாதி அவருக்கு முன்னால் நிற்கும் தடுப்பு வீரர்களுடையது. அதனால்தான் பல அணிகள் முதல் சுற்றில் கோல்கீப்பரைத் தொடுவதில்லை, பின் சுற்றுகளில் ஆண்டுக்கு ஒருவரை எடுத்துக் காத்திருக்கின்றன. நியாயமான அணுகுமுறைதான்.

பஃபலோவில் நடக்கும் உடல்தகுதிச் சோதனைக்கு இதையெல்லாம்விடக் குறைந்த இடமே தரலாம். சைக்கிளில் 30 வினாடி உயிரைக் கொடுத்து மிதிக்கும் விங்கேட் சோதனையின் படங்கள் பரபரப்பாகப் பரவும். 2014-ல் சாம் பென்னட் ஒரு புல்-அப் கூட எடுக்க முடியாமல் கேலிக்கு ஆளானார். 2025-ல் பிளேஆஃபின் சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் விருது அவருக்குத்தான் கிடைத்தது. அங்கே அணிகளுக்கு உண்மையில் தேவைப்படுவது மருத்துவப் பரிசோதனையும் நேர்காணலும்.

கடைசிக் கட்டம் ஸ்கவுட்டுகள் அனைவரும் உட்காரும் கூட்டம். நேர்வரிசையாக 1, 2, 3 என்று எழுதுவதைவிட அடுக்குகளாகப் பிரிப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். 12-க்கும் 19-க்கும் நடுவே வித்தியாசம் சொல்ல முடியாது, 19-க்கும் 20-க்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கலாம். அப்படியானால் 14-வது தேர்வை விட்டுக்கொடுத்து 18-ஐயும் கூடுதலாக ஒரு தேர்வையும் வாங்குவது லாபம். அணியின் சொந்தப் பட்டியலில் 224 பெயர் இருக்காது. வேண்டாதவர்களை முன்பே அடித்துவிட்டு ஏறக்குறைய நூறு பேரோடு உள்ளே போவார்கள். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, கடைசியாகப் பார்த்ததற்கு அதிக எடை கொடுப்பது. ஏப்ரலில் 18 வயதுக்குட்பட்டோர் போட்டியில் எல்லா அணியின் தலைமை ஸ்கவுட்டுகளும் ஒரே அரங்கில் இருப்பார்கள். அங்கே ஒருவர் ஐந்து ஆட்டம் நன்றாக ஆடினால், ஐந்து மாத அறிக்கை அடியில் போய்விடும். ஜூனியர் பிளேஆஃபில் ஆடிக்கொண்டிருப்பவர் அங்கே வரவே முடியாது என்பதையும் சேர்த்து மறந்துவிடுவார்கள்.

இன்னொன்று, பட்டியலில் ஒரு ஆளின் மேல் காதல் கொள்வது. 2015-ல் பாஸ்டனுக்கு 13, 14, 15 என்று அடுத்தடுத்து மூன்று தேர்வுகள். யாகுப் ஸ்பொரில், ஜேக் டிப்ரஸ்க், சாக்கரி செனிஷின் ஆகியோரை எடுத்தார்கள். அடுத்த மூன்று இடங்களில் போனவர்கள், பின்னாளில் நட்சத்திரங்களான மேத்யூ பார்சல், கைல் கானர், தாமஸ் ஷபோ. பெரும்பாலான வெளிப் பட்டியல்கள் செனிஷினை முதல் சுற்றின் நடுவில் வைக்கவில்லை. ஊர் சொல்வதிலிருந்து விலகுவது தப்பில்லை, ஆனால் பின்னால் வரை காத்திருந்து எடுக்க முடிந்தவரை முன்னாலேயே எடுத்ததில்தான் நஷ்டம்.

இப்போது ஸ்கவுட்டுகளின் பெரிய தலைவலி புதியது. கனடிய ஜூனியரில் ஆடியவர்கள் அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியில் சேரத் தடை இருந்தது. 2024 நவம்பரில் எடுத்த முடிவால் 2025 ஆகஸ்ட் 1 முதல் அந்தத் தடை நீங்கிவிட்டது. கனடிய ஜூனியரில் மெடிசின் ஹாட் அணிக்கு 2024-25-ல் 56 ஆட்டத்தில் 129 புள்ளி எடுத்த கேவின் மெக்கென்னா உடனே பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். பிறந்தது 2007 டிசம்பர் 20, ஆகவே 2026 டிராஃப்டுக்கு உரியவர். கல்லூரியில் ஆட்டங்கள் குறைவு, எதிராளிகளில் 23, 24 வயதுக்காரர்கள் சாதாரணம். ஒரே வீரரின் இரு பருவங்களை ஒப்பிடக்கூடப் பழைய குணகங்கள் உதவாது, ஏனென்றால் அவை உருவான காலத்தில் இந்த இரண்டு லீகுகளிலும் ஆடியவர்கள் வேறு வகை ஆட்கள். திறமைசாலிகள் கிளம்பிப்போன ஜூனியர் லீகில் மிச்சமிருப்பவர்களின் புள்ளியும் இனி வீங்கும். அதைக் கணக்கில் எடுக்காமல் 2023-ன் 0.3-ஐ வைத்தே பெருக்கும் பட்டியல்களை இப்போதைக்குத் தள்ளி வைப்பது நல்லது.